24 வயதில் சட்டம் படிக்கத் தொடங்குவது தாமதமா?

வணக்கம் அம்மா,

இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்த மகள், வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன் என்கிறாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்களே என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. இதற்கு ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக 34 ஆண்டுகள் இருந்தவர் ஜான் மார்ஷல். 1755-இல் வர்ஜீனியாவின் எல்லைப்புறத்தில் 15 பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது மிகக் குறைவு; அப்பாதான் முக்கிய ஆசிரியர். 20 வயதிலேயே விடுதலைப் போருக்குப் போய்விட்டார். வேலி ஃபோர்ஜ் முகாமில் குளிரும் பசியுமாகக் கழிந்த குளிர்காலத்தில் அவரும் இருந்தார். இப்படியே இளமையின் நல்ல பகுதி போய்விட்டது.

சட்டம் படிக்க உட்கார்ந்தது 1780-இல். அப்போது அவருக்கும் 24 வயதுதான். வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் என்ற பேராசிரியரின் வகுப்பு. அதுவும் சில மாதங்களோடு சரி. மார்ஷலின் சட்டக் குறிப்பேட்டில், அவர் விரும்பிய பாலி (Polly) என்ற பெண்ணின் பெயர் அங்கங்கே கிறுக்கப்பட்டிருக்கிறது. கவனம் சிதறுகிற வயதில்தான் அவரும் படித்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வகுப்பில் பாடம் கேட்பது மட்டும் இல்லை. பயிற்சிக்காக நடத்தும் மாதிரி நீதிமன்றத்தில் மாணவர்களை வாதாட வைத்தார் வித். உங்கள் மகள் கல்லூரி தேடும்போது, அங்கே மாதிரி நீதிமன்றம் ஒழுங்காக நடக்கிறதா என்று கட்டாயம் விசாரிக்கச் சொல்லுங்கள். கட்டடத்தின் அழகை விட அது முக்கியம்.

மார்ஷலின் வக்கீல் உரிமத்தில் கையெழுத்துப் போட்டவர் அன்றைய வர்ஜீனியா ஆளுநர் தாமஸ் ஜெஃபர்சன். அதே ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்த 1803-இல்தான், அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று மார்பரி வழக்கில் மார்ஷல் தீர்ப்பு எழுதினார். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது.

இதற்கு இடைப்பட்ட காலத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ரிச்மண்டில் வக்கீல் தொழிலில் அவர் பேர் வாங்கியது, பிரிட்டிஷ் வணிகர்களுக்குக் கடன்பட்ட வர்ஜீனியாக்காரர்களுக்காக வாதாடி. 1796-இல் அப்படி ஒரு கடன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் தோற்றார். ஆனால் அந்த வாதம் அவரை வர்ஜீனியாவுக்கு வெளியேயும் தெரிய வைத்தது. இந்தத் தொழிலில் தோற்ற வழக்கும் கணக்கில் சேரும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மார்ஷலின் அப்பா சட்டமன்ற உறுப்பினர், மாமனார் மாநிலக் கருவூலத் தலைவர். அந்தப் பின்புலம் கைகொடுத்தது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதும் உண்மை. அவருடைய தீர்ப்புகளைப் படிக்கிற உங்கள் மகள் அதையும் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் வக்கீல் யாரும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் செலவைத் திட்டமாகப் போடுங்கள். பட்டதாரிக்கு மூன்றாண்டுப் படிப்பு, அப்புறம் வக்கீல்களைப் பதிவு செய்கிற பார் கவுன்சிலில் பதிவும் தேர்வும், அதன் பிறகு ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சில வருடம். ஜூனியர் காலத்தில் வருமானம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அவள் சேமிப்பு அதுவரை தாங்குமா, வீடு எவ்வளவு கொடுக்க முடியும் என்று இருவரும் உட்கார்ந்து இப்போதே எழுதிப் பாருங்கள். 24 வயது என்பதை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன், உங்கள் ஊர் கோர்ட்டில் ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். பார்த்ததை உங்களிடம் சொல்லட்டும். அவள் சொல்கிற விதத்தைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.