வாசகர் கேள்வி – பதில்: டயக்னோசிஸ் காட்டில் இடம்பெறாத புண்

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து கொழும்பு வைத்தியசாலையொன்றில் மூன்று வாரம் இருந்த என் தாயாருக்கு முதுகில் படுக்கைப்புண் வந்தது. தாதியர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தே அதை ஆற்றினார்கள். வீடு திரும்பும்போது தந்த டயக்னோசிஸ் காட்டில் எலும்பு முறிவு மட்டுமே இருந்தது. தாதியாகப் பணிபுரியும் என் மருமகள், “எங்கள் வேலைக்கென்று பொதுவான சொற்றொகுதி இருந்தால் இப்படி விடுபடாது” என்கிறார். அது என்ன?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மருமகள் சொல்வது பெரும்பாலும் சரி. வைத்தியர் எழுதும் நோய்ப் பெயர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இருப்பதால், எலும்பு முறிவு பெரும்பாலான நாடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரியான குறியீட்டைப் பெறுகிறது. தாதியர் கண்டதும் செய்ததும் அப்படியல்ல. காலை முறையில் வந்தவர் “முதுகு சிவந்துள்ளது” என்றும், மாலையில் வந்தவர் “தோல் உரிந்துள்ளது” என்றும், இரவில் வந்தவர் வெறுமனே “புண்” என்றும் எழுதினால், வாசிக்கும் மனிதருக்கு அது ஒரே புண் என்று விளங்கும் (கையெழுத்து விளங்கினால்!), கணினிக்கோ அவை மூன்று வெவ்வேறு செய்திகள். இந்த ஆண்டு எத்தனை நோயாளருக்குப் படுக்கைப்புண் வந்தது, புரட்டிப் படுக்கவைத்ததால் எத்தனை பேருக்கு ஆறியது என்று கேட்டால் அத்தகைய பதிவுகளிலிருந்து விடை கிடைக்காது. விடை கிடைக்காதபோது அந்த வாட்டுக்கு இன்னும் இரண்டு தாதியர் தேவை என்று வாதாடவும் கையில் எதுவும் இருக்காது.

இதற்காகவே சர்வதேச தாதியர் பேரவை 1989இல் ஒரு வகைப்பாட்டை உருவாக்கத் தீர்மானித்தது. 2005இல் அதன் முதலாம் பதிப்பு வெளியானது. 2021 முதல் அது ஸ்னோமெட் சி.ரி. என்னும் பெரிய மருத்துவச் சொற்றொகுதிக்குள் சேர்க்கப்பட்டு வெளிவருகிறது. தாதியர் இனங்காணும் பிரச்சினை, அதற்காகச் செய்யும் செயல், அதனால் கிடைத்த விளைவு என்னும் மூன்றுக்கும் அதில் குறியீடுகள் உள்ளன. அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய முயற்சியிலிருந்து, தாதியர் இனங்காணும் பிரச்சினைகளுக்கான நாண்டா என்னும் பட்டியல் வளர்ந்தது; அயோவா பல்கலைக்கழகத்தில் உருவான வேறு இரண்டு பட்டியல்கள் செயல்களையும் விளைவுகளையும் வகைப்படுத்துகின்றன. விளைவுப் பட்டியல் நோயாளரின் நிலையை 1 முதல் 5 வரை அளப்பதால், உங்கள் தாயாரின் புண் ஆறிய விதத்தை நாளுக்கு நாள் காட்டியிருக்கலாம்.

ஆனாலும் பட்டியல் வந்தவுடன் எல்லாம் சீராகிவிடும் என்று நான் நம்பவில்லை. நாற்பது நோயாளரைக் கவனிக்கும் ஒருவர், நீண்ட பட்டியலில் முதலில் தென்படுவதற்குச் சரி போட்டுவிட்டு நகர்வது இயல்பே. இரவில் ஒரு நோயாளர் ஏன் அழுதார் என்பதை எழுத, குறியீட்டின் அருகே சில வரிகள் வெறுமையாக இருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: இத்தகைய சொற்றொகுதி தமிழில் சாத்தியமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சாத்தியமே. குறியீடு ஒரு கருத்துக்கு உரியது. திரையில் அது தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தோன்றலாம். சிக்கல் நம் சொற்களில்தான் இருக்கிறது. “மயக்கம்” என்று நோயாளர் சொல்வது தலைசுற்றலாக இருக்கலாம், நினைவிழப்பாகவோ தூக்கக் கலக்கமாகவோ இருக்கலாம். “இழுப்பு” சிலருக்கு மூச்சிரைப்பு, வேறு சிலருக்கு வலிப்பு. ஆகவே அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதை விட, நோயாளரிடம் நாள்தோறும் தமிழில் பேசும் தாதியரை அமர்த்தி, எந்த மயக்கத்துக்கு எந்தக் குறியீடு என்று முதலில் பிரித்துக்கொண்டு, அதன் பிறகே பெயர் சூட்ட வேண்டும்.