டிசம்பரில் கெய்ன்ஸ் போனால் கடலில் இறங்க முடியுமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் சிட்னியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து நான்கு நாள் கெய்ன்ஸ் போய்ப் பவளப்பாறைகளைப் பார்க்க ஆசை. ஆனால் அந்த மாதத்தில் அங்கே கடலில் காலே வைக்கக் கூடாது, விஷ ஜெல்லிமீன் இருக்கும் என்று தம்பி பயமுறுத்துகிறான். கூட வருவது 10, 13 வயதில் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா. யாருக்கும் சரியாக நீச்சல் வராது. போகலாமா, வேறு ஊர் பார்க்கட்டுமா? (மதுரை வாசகி)

பதில்: போகலாம். தம்பி சொல்வதும் பொய் இல்லை. ஆனால் கெய்ன்ஸில் கடல் மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருக்கிறது. எந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

முதல் இடம், ஊருக்கு எதிரிலேயே இருக்கும் எஸ்பிளனேடு. இங்கே மணல் கடற்கரை கிடையாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் போய் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான், நடுவே கூழைக்கடாக்கள் நிற்கும். விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் நாள் சாயங்காலம் முகம் சுருங்கிவிடும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 2003இல் கரையிலேயே லகூன் என்ற பெரிய உப்புநீர்க் குளம் கட்டினார்கள். கட்டணம் இல்லை, ஜெல்லிமீனும் இல்லை. பிள்ளைகள் தண்ணீரை விட்டு எழுந்து வர மாட்டார்கள்.

இரண்டாவது, ஊருக்கு வடக்கே இருக்கும் கடற்கரைகள்: டிரினிட்டி பீச், பாம் கோவ் போன்றவை. பஸ்ஸிலேயே போகலாம். தம்பி சொன்ன பயம் இங்கேதான் பொருந்தும். நவம்பர் முதல் மே வரை பாக்ஸ் ஜெல்லிமீன் கரையோரம் வரும் காலம், அதன் இழைகள் 3 மீட்டர் வரை நீளும். அதனால் கடலுக்குள் வலை கட்டி, குளிக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்திருப்பார்கள். இருகாண்ட்ஜி என்று இன்னொன்று இருக்கிறது. உடல் விரல்நுனி அளவுதான், வலைக் கண்ணிலேயே புகுந்துவிடும். கடலில் குளித்தவர்களுக்குக் கடும் வலியும் வாந்தியும் வந்த ஒரு நோய்க்கு இதன் கொட்டுதான் காரணம் என்று நிரூபிக்க, 1960களில் ஜாக் பார்ன்ஸ் என்ற கெய்ன்ஸ் டாக்டர் தன்னையும் தன் 9 வயது மகனையும் ஓர் உயிர்காப்பாளரையும் வேண்டுமென்றே கொட்ட வைத்தார். மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. (டாக்டரின் மனைவி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.)

ஆகவே இந்தக் கடற்கரைகளில் வலைக்குள், உயிர்காப்பாளர்கள் காவல் இருக்கும் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே, உடம்பை மூடும் உடை போட்டுக்கொண்டு இறங்கலாம். வலை எடுத்திருந்தாலோ, அன்று கடற்கரை மூடியிருந்தாலோ மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையில் ஒரு கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள், சமையலுக்கு வாங்குகிற அதே வினிகர்தான். கொட்டிவிட்டால் நல்ல தண்ணீர் விடக் கூடாது, தேய்க்கவும் கூடாது. அரை நிமிடம் வினிகரை ஊற்றிவிட்டு 000க்குப் போன் செய்ய வேண்டும். அப்புறம் ஒன்று: ஆறும் ஓடையும் கடலில் சேரும் இடங்களில் பிள்ளைகளைக் கால் நனைக்கக்கூட விடாதீர்கள். முதலைப் பலகை சும்மா வைத்ததில்லை. பலகை இல்லாத இடத்திலும் முதலை இருக்கலாம்.

மூன்றாவது இடம், நீங்கள் ஆசைப்படும் பவளப்பாறைத் திட்டு. அதற்குப் படகில்தான் போக வேண்டும். பாக்ஸ் ஜெல்லிமீன் கரையை ஒட்டி வாழ்வது, இங்கே அதன் தொல்லை குறைவு. இருகாண்ட்ஜிக்காகத்தான் படகிலேயே உடை தருகிறார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் மெல்லிய லைக்ரா உடை, சிலவற்றில் கையுறையும் தலைமூடியும் சேர்ந்தே இருக்கும். நீச்சலுடை போடக் கூச்சப்படும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த சீசன் ஒரு வசதி. கடலுக்குள் எல்லாருமே தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் மிதப்பார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் வெளித்திட்டில் மிதவை மேடை வைத்திருக்கும் படகாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் பவளம் அங்கேதான் அழகு. பிள்ளைகள் மிதவையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் நீருக்குள் வைத்துப் பார்க்கலாம். அம்மா கண்ணாடி ஜன்னல் வைத்த பாதி நீர்மூழ்கிப் படகில் உட்கார்ந்து, புடவை நனையாமல் அதே மீன்களைப் பார்த்துவிடுவார். அவருக்குப் படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றால் 27 கிலோமீட்டரில் இருக்கும் கிரீன் ஐலேண்ட் போதும். முக்கால் மணி நேரம்தான், இறங்கி மர நிழலில் நடக்கலாம். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்பும் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

படகில் உடல்நலம் பற்றி ஒரு படிவம் தருவார்கள். இதய நோய், ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கடலுக்குள் விடமாட்டார்களோ என்று பயந்து நம் ஆட்கள் 'இல்லை' என்று போட்டுவிடுவதுண்டு. எழுதினால் பெரும்பாலும் உங்கள் மேல் கூடுதலாக ஒரு கண் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

திட்டுப் பயணத்தைக் கடைசி நாளில் வைக்காதீர்கள், இரண்டாம் நாளே போய்விடுங்கள். காற்று பலமாகிப் படகு ரத்தானால் மறுநாளுக்கு மாற்ற இடம் இருக்கும். 25ஆம் தேதியையும் விட்டுவிடுங்கள், அன்று பெரும்பாலான படகுகளும் கடைகளும் ஓய்வு. டிசம்பர் அங்கே மழைக்காலம், புயலும் வரும். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலோடு வந்த வெள்ளத்தில் விமான நிலையமே மூழ்கியது. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாக வாங்குங்கள்.

மழைக்கு ஒரு லாபமும் உண்டு. 1891இல் போட்ட மலை ரயில் பாதையில் குரண்டா என்ற மலைக் கிராமத்துக்குப் போகும்போது வண்டியைப் பாரன் அருவி அருகே நிறுத்துவார்கள். வறண்ட மாதங்களில் பாறைதான் தெரியும், நல்ல மழைக்குப் பிறகு போனால் அருவி பொங்கிக்கொண்டிருக்கும். திரும்பும்போது ரயில் வேண்டாம். காட்டுக்கு மேலே 7.5 கிலோமீட்டர் தொங்கிக்கொண்டு வரும் ஸ்கைரெயில் என்ற கேபிள் காரில் இறங்குங்கள்.

மிச்சமிருக்கும் நாளை லகூனுக்கும் ரஸ்டீஸ் மார்க்கெட்டுக்கும் விடுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறுதான் அது கூடும். டிசம்பர் அங்கே மாம்பழ சீசன், அம்மாவை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். திரும்பும் விமானத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். கோடையில் (அங்கே டிசம்பர் கோடைதான்) சிட்னி மாற்றிக்கொள்ளும் நேரத்தை, கெய்ன்ஸ் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலம் மாற்றிக்கொள்வதில்லை.