டொராண்டோ பக்கம் பனி இல்லை. ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்ட எங்கே போகலாம்?

வடக்கே, அதே ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள காக்ரேன் ஊர்ப் பக்கம் போங்கள். சுமார் 700 கி.மீ. தூரம்தான், ஆனால் அங்கே குளிர் நிலைப்பதால் விழுந்த பனி சட்டென்று கரையாது.

பனிப்பொழிவு அளவை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். ஒன்டாரியோவின் ஸ்னோமொபைல் பாதைகளைக் (டிரெயில்) காட்டும் வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் ஓரளவுதான், சிவப்பு என்றால் மூடல். கிளம்பும் அன்று காலையிலும் பாருங்கள். பெட்ரோல் கிடைக்கும் அடுத்த ஊர் வரை பச்சைக் கோடு அறுபடாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஐஸாக இறுகிய பாதையில் தூள் பனி மேலே தெறிக்காது. வண்டியைக் குளிர்விப்பது அந்தப் பனிதான்; அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறும். டிராக் (வண்டியை நகர்த்தும் ரப்பர் பெல்ட்) உரசும் பிளாஸ்டிக் ஸ்லைடர்கள் உருகித் தேயும். ஸ்கிராட்சர் என்ற சுரண்டும் கம்பியைக் கட்டாயம் மாட்டுங்கள், பனியைச் சுரண்டித் தெறிக்கவிடும். வண்டியைப் பின்னால் எடுக்கும் முன் சாதாரண ஸ்கிராட்சரைத் தூக்கி மாட்டாவிட்டால் வளைந்துவிடும்.

பக்கத்து மாகாணமான கியூபெக்குக்குள் போனால், அங்கே டிரெயிலில் ஓட்ட அந்த மாகாண பர்மிட் தனியாக வேண்டும்.