டிஜிட்டல் தொழில்நுட்பமும் நல்லாட்சியும் சேர்ந்தால் வளர்ச்சி எல்லோருக்கும் போய்ச் சேருமா?

இந்தக் கேள்விக்கு ரேஷன் கடையை முன்வைத்தே பதில் சொல்ல விரும்புகிறேன். வளர்ச்சி என்று நாம் பேசுவது கடைசி வீடு வரை வந்து சேர்கிறதா என்பது மாதந்தோறும் தெரிந்துவிடும் இடம் அது.

என் அத்தை தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உப்பு வாரியவர். உப்புநீரில் ஊறி ஊறி அவருடைய விரல் நுனிகளில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கைரேகை முறை வந்த புதிதில், அறுபத்தாறு வயதிலும் அவர் அளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் நானும் அவருடன் கடை வரிசையில் நின்றேன். வலது கட்டைவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைத்தார், பிறகு இடது கையை, பிறகு தலைமுடியில் தேய்த்த எண்ணெய்ப் பசையோடு மீண்டும் கட்டைவிரலை. "ரேகை விழலைம்மா, நாளைக்கு வந்து பாருங்க" என்றார் விற்பனையாளர். அத்தை அப்படி வந்து நின்றது அது மூன்றாவது நாள்; மூன்று நாளும் வேலைக்குப் போகவில்லை, கூலியும் இல்லை. ஓடிபி வழியாக வாங்கலாம் என்றால், அட்டையில் பதிந்திருந்த எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. சாப்பாட்டு நேரத்தில் அவர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதற்குள் ஓடிபி காலாவதியாகியிருந்தது. மறுபடி அனுப்பச் சொல்லி, அவர் வாசிக்க வாசிக்க நான் சொல்லி, அரிசி கைக்கு வந்தபோது கடை அடைக்கும் நேரமாகிவிட்டது.

விற்பனையாளர் மீது எனக்குக் குறையில்லை. பதிவாகாமல் அரிசி வெளியே போனால் இருப்பில் விழும் குறைவுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆதார் இல்லை என்றோ கைரேகை பொருந்தவில்லை என்றோ எவருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது, அத்தகையோருக்குத் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருள் வழங்க வேண்டும் என்று மத்திய அரசின் உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அந்த அறிவுறுத்தலை அவர் கண்டதில்லை. வரிசையில் நின்ற எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

கருவி ஒன்றே ஆனாலும் அதைச் சுற்றி அரசு வகுக்கும் விதி மாறினால் பலனும் மாறிவிடும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூன்று பொருளியலாளர்கள், அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் நூறு நாள் வேலைக் கூலியைக் கைரேகை அட்டை வழியாக வழங்கியதை 157 வட்டங்களில் ஆராய்ந்தார்கள். கூலி விரைவாகக் கிடைத்தது, இடையில் சுருட்டப்பட்ட பணம் குறைந்தது, எவரும் திட்டத்துக்கு வெளியே தள்ளப்படவில்லை. அட்டை இல்லாதவருக்கும் கூலி கொடுக்கும் பழைய வழியை அந்த மாநிலம் திறந்தே வைத்திருந்தது என்பதை இதில் முக்கியமாகக் கருதுகிறேன். அதே மூவர் பின்னர் ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதை ஆராய்ந்தபோது, அந்த நிபந்தனையால் மட்டும் முறைகேடு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்றும், அட்டையோடு ஆதாரை இணைக்காதிருந்தவர்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சுமார் 10 விழுக்காடு சரிந்தது என்றும் கண்டார்கள். ஆந்திரத்தில் அட்டை வசதியாக வந்தது, ஜார்க்கண்டில் நிபந்தனையாக வந்தது.

நம் மாநிலத்தில் இந்த இழப்பு ஓரளவு மட்டுப்பட்டதற்குக் காரணம் மென்பொருள் அன்று, பழைய கொள்கை. தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு மட்டும் மானியத் தானியத்தை உறுதிசெய்யும் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் நடைமுறைப்படுத்திய பிறகும், அனைவருக்குமான பொது விநியோகத்தைத் தமிழகம் கைவிடவில்லை. ஏழை என்று நிரூபித்த பிறகுதான் அரிசி என்ற நிலை இங்கே இல்லை. அதனால் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துவிடுமோ என்ற அச்சமும் குறைவு. இந்த அடித்தளத்தின் மேல் 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தபோது அது மக்களுக்கு உண்மையிலேயே உதவியது. வாங்காத பருப்பை வாங்கியதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால், அதைக் காட்டி மறுநாளே கடையில் கேட்க முடிகிறது. முன்பெல்லாம் கடைக்கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று அத்தையைப் போன்றவருக்குத் தெரிய வழியே இருந்ததில்லை.

இதற்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். மாத அரிசி உறுதி என்று தெரிந்த குடும்பம்தான் கையில் இருக்கும் கூலியைப் பிள்ளையின் படிப்புக்குக் கட்டும், வட்டிக்கு வாங்காமல் ஒரு தையல் இயந்திரம் வாங்கத் துணியும். அந்த உறுதியில் மூன்று நாள் ஓட்டை விழுந்தால் முதலில் போவது கூலி, அடுத்து அந்தத் துணிவு.

கருவியைவிட விதிதான் பலனைத் தீர்மானிக்கிறது என்பது கைப்பேசிவழிப் பணப் பரிமாற்ற முறையான யூபிஐக்கும் பொருந்தும். 2016இல் தொடங்கிய அது 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்ததற்கு, எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் எந்தச் செயலி வழியாகவும் பணம் போகலாம் என்ற பொது விதியும், 2020 முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்ற முடிவும் பெரிய காரணங்கள். கருவாடு விற்கும் பெண் கியூஆர் அட்டையைக் கூடையில் சாய்த்து வைத்திருப்பதற்குப் பின்னால் அந்த முடிவும் இருக்கிறது.

அத்தைக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுவர 2025 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டத்தின் வண்டி எங்கள் தெருவுக்கும் வருகிறது. ஆனால் அவரோடு உப்பு வாரிய, ஐம்பதைத் தாண்டிய பெண்கள் அதே தேய்ந்த விரலோடு இன்னும் கடைக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்காக நான் கேட்பவை சில. ரேகை விழாவிட்டாலும் பொருள் உண்டு என்பதைக் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் காரணத்தையும் தேதியையும் குறித்த ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். எத்தனை பேர் அப்படித் திரும்பினார்கள் என்ற கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.