மூன்று நிறம், மூன்று பருந்தா?

கேள்வி: எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கிறது. அதைத் தேடி மூன்று பருந்துகள் வருகின்றன. ஒன்று கருங்காபி நிறம், ஒன்றுக்கு நெஞ்செல்லாம் வெள்ளை, இன்னொன்றுக்கு மார்பில் கோடு கோடாக இருக்கிறது. மூன்றும் வேறு வேறு இனமா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: அடையைத் தேடி வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. மூன்றுமே தேன் பருந்தாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தேனைவிட அடைக்குள் இருக்கும் புழுக்கள்தான் அதற்கு முக்கிய உணவு.

இந்த ஒரே இனத்தில் வெளிறிய கிரீம் நிறம் முதல் செம்பழுப்பு, கரும்பழுப்பு வரை எல்லாம் உண்டு. இறகில் சேரும் மெலனின் நிறமியின் அளவு பறவைக்குப் பறவை மாறுவதுதான் காரணம். போதாததற்கு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வருபவையும் இங்கேயே வாழ்பவையும் கலந்துவிடும். அதனால் பருந்துகளைப் பற்றிய என் குறிப்பேட்டில் நிறத்தைக் கடைசியில்தான் எழுதுவேன்.

முதலில் தலையைப் பாருங்கள். இவ்வளவு பெரிய உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, புறாவுக்கு இருப்பதுபோல. கழுத்தும் நீளம். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் செதில் மாதிரி நெருக்கமான குட்டி இறகுகள் இருக்கும், தேனீக் கொட்டு ஏறாமல் தடுக்கும் கவசம் அது. என்ன அருமையான அமைப்பு! வட்டமடிக்கும்போது இறக்கையைத் தட்டையாக விரித்திருக்கும், நுனியில் ஆறு இறகுகள் விரல்போலப் பிரிந்து தெரியும்.

சில தேன் பருந்துகளுக்குக் குடுமியும் இருப்பதால் குடுமிக் கழுகோ என்று குழப்பம் வரும். அப்போது காலைப் பாருங்கள். குடுமிக் கழுகுக்கு விரல் தொடங்கும் இடம்வரை இறகு மூடியிருக்கும், தேன் பருந்துக்குக் கீழ்க்கால் வெறுமையாக மஞ்சளாகத் தெரியும்.

அப்புறம் ஆண், பெண் விஷயம். வளர்ந்த ஆணுக்குச் சாம்பல் முகம், கருமையான கண், வாலில் இரண்டு அகலமான கறுப்புப் பட்டை. பெண்ணுக்கு மஞ்சள் கண், பட்டைகளும் ஒடுக்கம். இளம் பறவைக்கும் கண் கருமைதான், ஆனால் அலகின் அடிப்பகுதி மஞ்சளாக இருக்கும்.

அடையை யாராவது எரிப்பதற்குள், முகமும் வாலின் அடிப்பக்கமும் தெரிகிற மாதிரி படங்கள் எடுத்து அனுப்புங்கள். அந்தக் கருங்காபிப் பறவை ஆணா பெண்ணா என்று பார்த்துவிடலாம்.