காசுக்கு எழுதினா என்ன?

வணக்கம் அக்கா, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியை மார்கரெட் ஒலிஃபன்ட்டைப் பத்தி உங்க பேச்சுல கேட்டேன். கிட்டத்தட்ட நூறு நாவலாம்! காசுக்காகத்தானே எழுதியிருக்காங்க, தரம் எப்படி இருக்கும்? ஒண்ணே ஒண்ணு படிக்கணும்னா எது?
கவிதா

அன்புள்ள கவிதா,

கொஞ்ச நாளா அவங்க தன்வரலாறைத்தான் திரும்பப் படிச்சிட்டிருக்கேன், இல்லேன்னா உங்க மெயில் எப்பவும் போல தூங்கியிருக்கும்.

'காசுக்காகத்தானே'ன்னு எவ்வளவு ஈஸியா கேட்டுட்டீங்க! 1859ல ரோம்ல புருஷன் டிபில போயிட்டார், சர்ச் ஜன்னலுக்குக் கலர் கண்ணாடி வேலை செஞ்ச மனுஷன். கைல ரெண்டு குழந்தை, வயித்துல ஒண்ணு, 1000 பவுண்டு கடன், இன்ஷூரன்ஸ் 200 பவுண்டு. வேற என்ன பண்ணணும்ங்கறீங்க? பிளாக்வுட்ஸ் பத்திரிகைக்கு எழுதித் தள்ளினாங்க. அப்புறம் ஒரு அண்ணன் நொடிச்சுப்போய் பிள்ளைங்களோட வந்து நின்னார், குடிகார இன்னொரு அண்ணனுக்கும் இவங்க பணம்தான். ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் தவிர, ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல தொந்தரவில்லாம எழுதினதே இல்லையாம். அதே காலத்து நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டுக்கு மோசமான விமர்சனம் கண்ணுல படாம அவங்க துணைவர் லூயிஸ் பாத்துக்கிட்டார், இவங்களுக்கு யாரு இருந்தா?

எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1938ல, ஒலிஃபன்ட்டம்மா மூளையை வித்துட்டாங்கன்னு எழுதினாங்க. பழியை அவங்க மேல போடல, சமூகத்து மேலதான் போட்டாங்க, சரி. ஆனா உல்ஃபுக்கு அத்தை 2500 பவுண்டு வெச்சுட்டுப் போனாங்களே! நானும் வாரப்பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதித்தான் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டினேன். அதைக் கேவலமாப் பேசினவங்க ஒருத்தர் விடாம மாசச் சம்பளக்காரங்க. ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துட்டா கலை கலைக்காகன்னு நல்லாப் பேச வரும்.

தரமா? நிறைய சவசவதான், விடுங்க.

ஆனா ஒண்ணு. யாருக்காக எழுதினாங்களோ அந்த மூணு பிள்ளைங்களும் அவங்களுக்கு முன்னாடியே போயிட்டாங்க, பொண்ணு 1864ல, பசங்க 1890லயும் 1894லயும். அப்புறமும் 1897ல சாகற வரைக்கும் பேனாவைக் கீழ வைக்கல. பேசற மாதிரி, மூச்சு விடற மாதிரி எனக்கு எழுத்து வந்துச்சு, பிடிச்சுத்தான் எழுதினேன்னு அவங்களே சொல்லியிருக்காங்கம்மா. காசு வாங்கினா பிடிக்காம எழுதினதுன்னு யார் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?

ஆங், எதைப் படிக்கறதுன்னு கேட்டீங்கல்ல. எல்லாரும் 'மிஸ் மார்ஜோரிபேங்க்ஸ்'ம்பாங்க, நான் 'ஹெஸ்டர்'தான் சொல்வேன், 1883ல வந்தது. கல்யாணமே பண்ணிக்காத கேத்தரின் வெர்னன் குடும்ப பேங்க்கைத் திவாலாகாம காப்பாத்தி, நொந்துபோன சொந்தக்காரங்களுக்கெல்லாம் இருக்க இடம் குடுக்கறா, அவங்க அவ வீட்லயே உக்காந்துக்கிட்டு அவளையே புறணி பேசறாங்க. படிச்சுட்டு எழுதுங்க, பிடிக்கலேன்னாலும்.