80 நிமிட சிடியில் 82 நிமிடம்?

கேள்வி: 80 நிமிட சிடி-ஆரில் 82 நிமிடப் பாட்டுகளை ஏற்றப் பார்த்தால் இடமில்லை என்கிறது. ஓவர்பர்ன், அதாவது குறித்த அளவையும் மீறி எழுதுவது, செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் எல்லா டிரைவும் ஒத்துக்கொள்ளாது. டிஸ்க்கின் கடைசியில் லீட்-அவுட் என்று சுமார் 90 விநாடிக்கு ஒரு பகுதி உண்டு, 'இதோடு முடிந்தது' என்று பிளேயருக்குச் சொல்வதற்காக. அதற்கும் அப்பால் விளிம்போரம் தயாரிப்பாளர் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பார். ஓவர்பர்ன் கை வைப்பது இந்த இரண்டிலும்தான், அந்த மிச்ச இடம் எவ்வளவு என்பது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும் என்பதால் 82 நிமிடம் பெரும்பாலும் தாங்கும் என்றாலும் உறுதி கிடையாது.

சிடி எழுதும் மென்பொருட்களான நீரோ, இம்க்பர்ன் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. டிஸ்க் முழுவதையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில்தான் எழுத வேண்டும், வேகத்தையும் குறைத்து வையுங்கள். முதலில் சிமுலேஷன் (ஒத்திகை) ஓட்டினால் டிரைவ் சம்மதிக்கிறதா என்று தெரிந்துவிடும், லேசர் நிஜமாக எரிக்காது என்பதால் டிஸ்க் வீணாகாது. அப்புறம், கைரேகை அதிகம் படுவது விளிம்பில்தான், கடைசிப் பாட்டு இருப்பதும் அங்கேதான், எனவே முதலில் திக்குவது கடைசிப் பாட்டாகத்தான் இருக்கும். முக்கியமான பாட்டை அங்கே வைக்காதீர்கள். சில பழைய பிளேயர்கள் லீட்-அவுட் சரியாக இல்லாவிட்டால் டிஸ்க்கையே ஏற்காமல் அடம்பிடிக்கும். போட்டோ, ஆவணங்கள் என்றால் இந்த வம்பே வேண்டாம், இரண்டு டிஸ்க்கில் பிரித்து எழுதுங்கள்.